கடுக்காயும் இரும்பும் தரும் கருங்காலி நிறம்

கறள் மணக்கும் கிணற்று நீரில் தேநீர் ஊற்றியவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். எவ்வளவு நல்ல தேயிலையாக இருந்தாலும் சாயம் சிவப்பாக இறங்காது. மை கலந்ததுபோல் கறுத்துப் போகும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம் என்று கர்ப்பிணித் தாய்மாருக்குச் சொல்லப்படுவதும் இதே காரணத்தினால்தான். தேயிலையில் உள்ள துவர்ப்பொருள் இரும்பைக் கண்டவுடன் அதனைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இடத்தில் கறுப்பு உண்டாகிறது. துவர்ப்பொருளை விஞ்ஞானிகள் தனின் என்பர்.

இந்தப் பிடிப்பைப் பயன்படுத்தி வெளிறிய மரத்தைக் கருங்காலிபோல் கறுப்பாக்கும் கைப்பணி ஒன்று உண்டு. ஐரோப்பியத் தச்சர்கள் இதனைப் பெரும்பாலும் ஓக் மரத்தில் செய்தார்கள். இன்று கடைச்சல் இயந்திரத்தில் மரப் பேனை கடைபவர்கள் உலகின் பல பாகங்களிலும் இதனைச் செய்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அறைக்குள் கடைச்சல் இயந்திரம் வைத்திருக்கும் இளைஞருக்கும், மலையகத்திலோ வன்னியிலோ சுயதொழில் ஒன்றைத் தேடும் குடும்பத்துக்கும் இது பயன்படலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

கருங்காலி படும் பாடு

முதலில் கருங்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எமது தீவின் மரம். உலர் வலயக் காடுகளில் வளர்வது. சிங்களத்தில் கலுவர என்பர். வெளிப்பட்டை கறுப்பு என்பதால் மரம் முழுவதும் கறுப்பென்று நினைத்துவிடக் கூடாது. வெட்டிப் பார்த்தால் வெளிப்புற மரம் வெளிறியே இருக்கும். நடுவில் உள்ள வைரம் மட்டுமே கறுப்பு. அந்த வைரம் பருக்க மிக நீண்ட காலம் செல்லும். நன்கு முற்றிய வைரத்தின் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் அது தாழ்ந்துவிடும்.

ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை எமது கரையோரங்களை ஆண்ட காலத்தில் கருங்காலியைக் கதிரையாகவும் கட்டிலாகவும் பெட்டகமாகவும் கடைந்து செதுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலிப் பகுதியின் செதுக்குவேலைத் தளபாடங்கள் பெயர் பெற்றன. பின்னர் உல்லாசப் பயணிகளுக்காகக் கருங்காலி யானைகள் செய்யப்பட்டன. பிரெஞ்சு மொழியில் உயர்தரத் தளபாடம் செய்யும் தச்சரைக் குறிக்கும் சொல்லே கருங்காலியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். அவ்வளவு மதிப்பு அந்த மரத்துக்கு. காடுகளில் அது அருகிப் போனதற்கும் அந்த மதிப்பே ஒரு காரணம்.

இன்று நிலைமை வேறு. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் மரம் வெட்டுவதையும் கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்துகின்றன. இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது 1990இல் நிறுத்தப்பட்டது. கருங்காலித் துண்டு ஒன்றை லொறியில் ஏற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் பேனை கடைபவருக்குத் தேவைப்படுவது ஐந்து அங்குல நீளமும் முக்கால் அங்குலத் தடிப்பும் உள்ள சிறு கட்டைதான். அந்த அளவில் ஒரு சாக்குத் துண்டுகளை யாரேனும் வாசலுக்குக் கொண்டுவந்து, "பழைய வீட்டுச் சாமான்" என்று சொல்லி விற்றுவிட்டுப் போவது எளிது. விற்றவர் போய்விடுவார். பத்திரமில்லாத மரம் பட்டறையில் கிடக்கும். பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர்.

வாங்குபவருக்கும் சிக்கல் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஆடி, மார்கழி விடுமுறை நாட்களில் நடந்து பார்த்தால் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த உறவினர்கள் பரிசுப்பொருள் தேடுவதைக் காணலாம். கையால் செய்த பேனை அவர்களுக்குப் பிடித்தமான பொருள். சிறியது, பாரமற்றது, பெட்டியில் வைக்கலாம். அது கருங்காலி என்று சொல்லிக் கொடுத்தால் விமான நிலையத்தில் எழும் கேள்விக்கு அவர்களே பதில் தேட வேண்டியிருக்கும்.

மரத்தின் மேல் அல்ல, மரத்துக்குள்

சரி, கறுப்பு வர்ணம் பூசிவிட்டால் போதாதா? மேசைக்குப் போதும், பேனைக்குப் போதாது. பேனை நாள் முழுவதும் விரல்களுக்கிடையே இருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் படுகின்றன. சட்டைப்பையில் நாணயத்தோடும் திறப்போடும் உரசுகிறது. மேலே பூசிய வர்ணம் சில மாதங்களில் விரல் பிடிக்கும் இடத்தில் தேய்ந்து உள்ளிருக்கும் வெளிறிய மரத்தைக் காட்டிவிடும். அத்துடன் தடித்த வர்ணம் மரத்தின் ரேகைகளை மூடிவிடுகிறது. ரேகை தெரியாத மரப் பேனைக்கும் பிளாஸ்டிக் பேனைக்கும் என்ன வேறுபாடு?

இரும்பும் துவரும் சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு வேறு விதமானது. அது மரத்தின் நார்களுக்கு உள்ளேயே பிறக்கிறது. வினாகிரியில் இரும்பை ஊறவைத்தால் வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் இரும்பைக் கரைக்கிறது. அந்தக் கரைசலை மரத்தில் தடவும்போது அது நுண்துளைகளுக்குள் இறங்கி அங்குள்ள தனினைச் சந்திக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, நீரில் கரையாத நீலக்கறுப்புப் பொருள் ஒன்று அங்கேயே படிந்துவிடுகிறது. ரேகை மறைவதில்லை. உரிந்து விழ மேற்பூச்சு எதுவும் இல்லை.

ஓக் மரத்தை இதற்குத் தேர்ந்தெடுத்த காரணம், அதன் மரத்திலேயே தனின் நிறைய இருப்பதுதான். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதையுண்டு கிடந்த ஓக் மரங்கள் சேற்றிலுள்ள இரும்பினால் தாமாகவே கறுத்துக் கிடக்கின்றன. அந்த மரத்துக்கு இன்றும் நல்ல விலை. இயற்கை மெதுவாகச் செய்ததைத் தச்சர்கள் ஓர் இரவில் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

ஓக் எமது மண்ணில் வளரும் மரமல்ல. ஆயினும் அதனை முற்றிலும் அறியாதவர்கள் நாமல்ல. நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் மாசிக்காய் ஓக் இனத்து மரமொன்றில்தான் உண்டாகிறது. பெயர் காய் என்றாலும் அது காய் அல்ல. சிறு குளவி ஒன்று கிளையில் முட்டையிட, மரம் அதனைச் சுற்றி வீங்கி உருண்டையாகிறது. அந்த உருண்டையில் பாதிக்கும் மேல் துவர்ப்பொருளே. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதையும் இரும்புப் பொருளையும் சேர்த்தே எழுதும் மை தயாரித்தார்கள். பழைய கோவில்களின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள், ஒருகாலத்தில் கறுப்பாக இருந்து இன்று கபிலமாகிப்போன எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் இந்த வகை மைதான். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடத்தில் தாள் அரிக்கப்பட்டு ஓட்டையாகியும் இருக்கும். மையில் இரும்பும் அமிலமும் மிஞ்சியதால் வந்த கேடு அது. மரத்தைக் கறுப்பாக்குபவரும் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணி வரைபவர்களின் கறுப்பும் இதே வழியில் வருவதுதான். துணியை முதலில் கடுக்காய் நீரிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவார்கள். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் வாரக்கணக்கில் புளிக்க வைத்து வடித்த நீரைத் தூரிகையில் தொட்டு வரைவார்கள். கோடு இழுக்கும்போதே கறுப்பு எழும். வினாகிரி வாங்காமலே அவர்கள் புளிப்பை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எந்த மரத்தை எடுக்கலாம்?

பழைய தளபாடத்தின் கால், உடைந்த பீப்பாயின் பலகை என்று எங்காவது ஓக் கிடைத்தால் நல்லதுதான். கிடைக்காவிட்டால் குறையில்லை. தனின் இல்லாத மரத்துக்கு நாம் தனினைக் கொடுக்கலாம்.

தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் கிரேவிலியாவை இந்தியாவில் சில்வர் ஓக் என்பர். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்துக்கும் ஓக்குக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனால் அறுத்த முகத்தில் ஓக்கில் உள்ளதுபோன்ற பளபளப்பான கீற்றுகள் தெரியும். கறுப்பாக்கிய பின்னும் அந்தக் கீற்று வெளிச்சத்தில் மின்னுவதால் பேனைக்கு மிக அழகு. அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும் என்பதால் கடையும்போது கைகளையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். இறப்பர் மரம் மலிவானது, வெளிறியது, நன்றாகக் கடைய வரும். ஆனால் தானாகக் கறுக்காது, கடுக்காய் நீர் கட்டாயம் வேண்டும். மகோகனி ஓரளவு தானாகவே கறுக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கரைசல் சீராக இறங்காமல் திட்டுத் திட்டாக நிற்கும், அதனை விட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் கழிவுத் துண்டில் ஒரு சொட்டு இரும்புக் கரைசலை வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். மரமே பதில் சொல்லும்.

பனை உள்ள ஊர்களில் இந்த வேலையே தேவையில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முற்றிய பனையின் வைரத்தில் கறுப்பு நார்கள் இயற்கையாகவே ஓடுகின்றன. அதனைக் கடைந்தால் பொன்னும் கறுப்பும் கலந்த பேனை கிடைக்கும். நார் பிய்ந்துவிடாமல் கடைய உளி மிகக் கூராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நீர்கள்

இரும்புக் கரைசலுக்கு அரை லீற்றர் வினாகிரியும் சவர்க்காரம் சேராத இரும்புக் கம்பிப் பஞ்சு ஓர் உருண்டையும் போதும். பஞ்சு கறள் பிடிக்காமலிருக்க அதில் எண்ணெய் தடவியிருப்பார்கள். ஆகவே அதனைச் சவர்க்கார நீரில் கழுவி அலசியபின் பிய்த்துக் கண்ணாடிப் போத்தலில் இடுங்கள். கறள் ஆணியும் உதவும்; நாள் கூடச் செல்லும். வாயைத் துணியால் கட்டி வையுங்கள். ஒருபோதும் மூடியை இறுக்கக் கூடாது, அடுப்பருகில் வைக்கவும் கூடாது. இரும்பு கரையும்போது ஐதரசன் வாயு வெளிவருகிறது. மூடிய போத்தல் வெடிக்கலாம், வாயு தீப்பற்றலாம். மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் கரைசல் தயாராகும். இருமடித்த துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

துவர் நீருக்கு 100 கிராம் கடுக்காயை உடைத்து, கொட்டையை நீக்கி, தோடு பகுதியை இடித்து ஒரு லீற்றர் நீரில் அரைமணி நேரம் மெல்லிய சூட்டில் கொதிக்கவிட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். புறக்கோட்டை கேபோஸ் ஒழுங்கையிலுள்ள ஆயுர்வேத மருந்துக் கடைகளில் கடுக்காய் கிடைக்கும். சிங்களத்தில் அரலு என்று கேட்க வேண்டும். பாத்திரம் மண்சட்டியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தால் கறுப்பு அங்கேயே உண்டாகி வீணாகிவிடும். கடுக்காய் இல்லையெனில் கடுஞ்சாயத் தேயிலையும் உதவும். ஆனால் நிறத்தில் வேறுபாடு உண்டு. கடுக்காய், மாசிக்காய் ஆகியவற்றின் துவர் நீலம் ஓடிய கறுப்பைத் தரும். தேயிலை, பாக்கு போன்றவற்றின் துவர் சற்றுப் பச்சையோ கபிலமோ கலந்த கறுப்பைத் தரும். கருங்காலி என்று கண் நம்ப வேண்டுமானால் கடுக்காயே நல்லது.

பேனையில் செய்யும் முறை

கட்டையின் நடுவே துளைத்து, பித்தளைக் குழாயை ஒட்டி, கடைச்சலில் இறுதி வடிவத்துக்குக் கொண்டுவந்து, 400ஆம் இலக்க அரத்தாள் வரை தேய்த்து முடியுங்கள். கறுப்பு மரத்துக்குள் இறங்கும் ஆழம் மிகக் குறைவு. ஆகவே கறுப்பாக்கிய பின் உளி வைக்கவோ அழுத்தித் தேய்க்கவோ முடியாது. வடிவம் முற்றாக முடிந்த பிறகே இந்த வேலை.

நீர் பட்டதும் மரத்தின் நார் சிலிர்த்து எழும். அது பிறகு எழுந்தால் தேய்க்க வேண்டிவரும். தேய்த்தால் வெளிறிய மரம் தெரியும். எனவே முதலிலேயே ஈரத்துணியால் துடைத்து, நார் எழும்பவிட்டு, உலர்ந்தபின் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். கடைகளில் காணும் மங்கலான, சொரசொரப்பான கறுப்பு மரப் பொருட்களில் பல இந்த ஒரு படியைத் தவறவிட்டவை.

குழாயின் இரு முனைகளையும் மெழுகால் அடைத்துவிடுங்கள். இரும்புக் கரைசல் புளிப்பானது. பித்தளையை அரிக்கும், ஒட்டுப்பசையின் பிடியையும் தளர்த்தும். வெடிப்பை அடைக்கச் சூப்பர் குளூ பாவித்திருந்தால் அந்த இடத்தில் நீர் இறங்காது. வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பசை சிந்தியிருந்தால் முன்பே தேய்த்து நீக்க வேண்டும்.

பின் கடுக்காய் நீரை ஒரு தூரிகையால் தாராளமாகத் தடவி உலரவிடுங்கள். வேறொரு தூரிகையால் இரும்புக் கரைசலைத் தடவுங்கள். இரண்டு தூரிகைகளையும் ஒருபோதும் மாற்ற வேண்டாம். மாற்றினால் போத்தலுக்குள்ளேயே மை உண்டாகிவிடும். முதலில் மரம் சாம்பல் நிறமாகும். சில நிமிடங்களில் கறுக்கத் தொடங்கும். உலர உலர மங்கலாகத் தோன்றினாலும் மனம் தளர வேண்டாம், எண்ணெய் பட்டதும் ஆழ்ந்த கறுப்பு வெளிவரும். தேவையானால் மறுநாள் இன்னொரு முறை இரண்டையும் தடவலாம்.

கடைசிப் பூச்சு கடுக்காய் நீராகவே இருக்க வேண்டும். பதிவேட்டுத் தாளை அரித்தது மிஞ்சிய இரும்பும் அமிலமும் என்று மேலே சொன்னோம் அல்லவா? மரத்திலும் துணையின்றி மிஞ்சும் இரும்பு நாளடைவில் கறளாகி, கறுப்பைச் செங்கபிலமாக்கும். கடைசியாகத் தடவும் துவர் அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் சுத்தமான நீர் தோய்ந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து உலரவிடுங்கள். கொழும்பின் மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுவது நல்லது. ஈரம் உள்ளிருக்க மேலே மெருகிட்டால் வெண்மை படரும்.

மெருகுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்தபின் அவலரக்கு, அதன்மேல் சிறிது தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவிட்டு அல்லது நீரில் நனைத்து அகற்றுங்கள். வேலை முழுவதும் கையுறை அணியுங்கள். விரல்களில் உள்ள தோலும் நகமும் கறுத்தால் பல நாள் போகாது.

என்ன பெயரில் விற்பது?

அண்மைய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கருங்காலி மாலை அணியும் மோகம் பரவியது. இங்கும் வந்து சேர்ந்தது. கூடவே சாதாரண மரத்துக்குச் சாயமேற்றிய மணிகளும் கருங்காலி என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் இப்போது மணியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள், சுரண்டிப் பார்க்கிறார்கள். எமது பேனையையும் ஒருநாள் யாரேனும் சுரண்டுவார். முனையில் சற்றுச் சுரண்டினாலே உள்ளே வெளிறிய மரம் தெரியும். மறைக்கவே முடியாத ஒன்றை மறைத்து விற்பதில் இலாபம் ஒருமுறைதான்.

"கிரேவிலியா மரம், கடுக்காயாலும் இரும்பாலும் கறுப்பாக்கப்பட்டது" என்று சிறு அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பெட்டிக்குள் வைக்கலாம். இப்படி எழுதினால் விலை குறையும் என்பது பலரின் பயம். ஆனால் கருங்காலி என்று சொல்லாத பேனைக்கு வாங்குபவர் அனுமதிப்பத்திரம் கேட்கமாட்டார். தோட்டத்து நிழல்மரமும் மருந்துக்கடைக் கடுக்காயும் என்ற செய்தி வெளிநாட்டில் வாழ்பவருக்குக் கருங்காலியைவிட நெருக்கமானதாகவும் இருக்கும். பேனைத் தொழிலுக்கு இது புதுமையுமல்ல. பழைய மைப்பேனைகளின் கறுப்பு உடல் எபொனைட் என்னும் பொருளால் ஆனது. இறப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கடினமாக்கியது அது. கருங்காலியின் ஆங்கிலப் பெயரிலிருந்தே அந்தப் பெயரும் வந்தது. தமிழ்நாட்டில் திருவள்ளூரில் இன்றும் அதனைக் கையால் கடைந்து பேனை செய்கிறார்கள். அதனை யாரும் போலி என்று சொல்வதில்லை, ஏனெனில் அது தன் பெயரைச் சொல்லியே விற்கப்படுகிறது.

அட்டையிலேயே பராமரிப்புக் குறிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நீரில் ஊறவிட வேண்டாம், ஆண்டுக்கொருமுறை சிறிது தேன்மெழுகு தடவவும். கொளுவி உரசும் இடத்தில் வெள்ளை தெரிந்தால் பேனையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த இடத்து மெருகை மட்டும் சுரண்டி நீக்கி, தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றிக் கடுக்காய் நீரையும், உலர்ந்தபின் இன்னொரு குச்சியால் இரும்புக் கரைசலையும், முடிவில் மீண்டும் கடுக்காய் நீரையும் தொட்டு வைத்தால் கால் மணி நேரத்தில் கறுத்துவிடும். இரும்புக் கரைசல் சில வாரங்களில் கபிலமாகி அடியில் மண்டி சேரும். அப்போது அதனை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கடுக்காய் நீர் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அதனை அன்றன்று தேவைக்கு மட்டும் காய்ச்சுவது நல்லது.